அண்ணை மிலானுக்கு மட்டும் சொன்னது

எங்கள் அண்ணை வடமராட்சியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இளம் வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனார். சில வருடங்களில் விலகி டென்மார்க் வந்தார். ஹேர்னிங்கில் துணி ஆலையில் உழைத்து என்னையும் இங்கே எடுப்பித்தார். யாரிடமும் கை நீட்டாதவர், பொய் சொல்லாதவர். ஆனால் இயக்கத்தில் இருந்த வருடங்களைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவே இல்லை. மிலானிடம் திறந்தார். அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மிலான் சேர்பியர். ஆலையில் அண்ணையோடு ஒரே மெசினில் நின்றவர். அவருடைய அப்பப்பா இரண்டாம் உலகப் போரில் செட்னிக்காக இருந்தவராம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணை அதை விளக்கினார்.

"செட்டா எண்டால் ஆயுதத்தோட திரியிற சின்னக் கூட்டம். அதில போனவன் செட்னிக். முதல் துருக்கியரோட சண்டை பிடிச்சவையின்ர பேர். பிறகு வந்தவையும் அதையே வைச்சுக்கொண்டினம். ஊரைக் காத்தவை எண்டு கொஞ்சப் பேர் சொல்லினம், ஊரை எரிச்சவை எண்டு மற்றவை."

"அந்தாளின்ர அப்பப்பா கதை எனக்கேன்? உங்கட கதையைச் சொல்லுங்கோ அண்ணை."

"சோறு ஆறுது, சாப்பிடு."

அண்ணை சாகக் கிடந்த கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். நான் சொதியோடு உள்ளே போனால் அவரும் மிலானும் டெனிஷில் கதைப்பதை நிறுத்திவிடுவார்கள். கூடப்பிறந்த நான் கோப்பை கழுவினேன். மிலான் அண்ணையின் கட்டிலில் இருந்தார்.

முப்பத்தொன்றாம் நாள் படையலுக்கு மிலான், அவித்த கோதுமையில் சீனியும் வால்நட்டும் குழைத்துக் கொண்டுவந்தார். இறந்தவருக்கு அவர்கள் படைப்பது அதுதானாம். அண்ணையின் மனைவி, என் மச்சாள், அதை வாங்கி, நான் சுட்ட வடைக்கு முன்னால் இலையில் வைத்தார். எனக்குப் பற்றி எரிந்தது. மிலானைக் குசினிக்குக் கூப்பிட்டு, அண்ணை என்ன சொன்னார் என்று நேரே கேட்டேன். சொல்ல மறுத்தார். தன் அப்பப்பா எரித்த ஊரைப் பற்றித் தானும் அண்ணையிடம் மட்டுமே சொன்னாராம். பிறகு, "தெரிந்தால் நீ அவனை அண்ணன் என்று கூப்பிடமாட்டாய் என்று பயந்தான்" என்றார்.

கூப்பிட்டிருப்பேன். என்ன செய்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

பராமரித்த தாதியருக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து சமைத்து வந்த உறவினருக்கும் அண்ணையின் இந்த ஆண்டு நினைவுநாளில் எங்கள் நன்றி. மிலானுக்கும் நன்றி. அண்ணையின் பாரத்தில் பாதியை அவர் சுமந்தார்.

அந்தப் பாதி எனக்குரியது.

தங்கை