மாமா கேட்ட சத்தம்

மாமாவின் அகதி வழக்குக்காக அப்பா நூலகத்திலிருந்து கிரேக்கக் கடவுள்களை வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அப்போது நாங்கள் கனடாவில், மோர்னிங்சைடில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள். அப்பா மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குவார். அம்மா காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்வார், பின்னேரம் ஒரு பேக்கரியில் நிற்பார். முந்தின குளிர்காலத்தில் வந்து சேர்ந்த அம்மாவின் தம்பி வரவேற்பறைச் சோபாவில் படுத்திருப்பார். வேலை ஏதும் செய்யாமலே களைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த வழியில் மாமா ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு கிரேக்கத் தீவில் இருந்திருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் இறக்கிய இடம். அவன் சொன்ன பெயரில் வரைபடத்தில் ஒரு தீவும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தீவைப் பற்றி மாமாவுக்கு ஒன்றுமே தெரியாது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார். கடைத்தெரு எப்படி இருந்தது என்றால் தலையை ஆட்டுவார். ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்வார்.

அதைக் கேட்டுவிட்டு மாமாவின் வழக்கை எடுத்த லோயர் பேனையை மூடி வைத்துவிட்டாராம். அகதி விசாரணை ஹியரிங்கில் தீவைப் பற்றிக் கேட்பார்கள், ஒரு வருடம் இருந்த இடத்தைச் சொல்லத் தெரியாத ஆளை நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இந்த மூன்றையும் அம்மா எங்களுக்கு வந்து சொன்னார். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேச்சு அங்கே போனதும் அம்மாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றுவிடும்.

பூட்டி வைத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது என்னையும் உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார். நான் அந்த நேரத்தில் யன்னலால் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன். மாமாவுக்கு மறதி அதிகம் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிரேக்கத் தீவு பற்றி ஏதாவது வேண்டும் என்று அப்பா நூலகத்தில் கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண் ஒரு பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் வீடியோ கசெட்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டார். நான் பிறக்கும்போதே அது பழசு.

“உது வேறை தீவாயிருந்தா?” என்றார் அம்மா.

“எல்லாத் தீவும் ஒரேமாதிரித்தான் இருக்கும்.”

“ஓமோம். எங்கடை காரைநகரும் நெடுந்தீவும் ஒரேமாதிரியே?”

அப்பா தூங்கப் போய்விட்டார்.

தொடரில் ஓர் ஆங்கிலேயப் பெண், காணாமல் போன தன் கணவனைத் தேடித் தீவுக்கு வருகிறாள். பொலிஸ்காரர் அவன் கடலில் விழுந்து இறந்துவிட்டான் என்கிறார். அவள் நம்பவில்லை. அவளுக்கு மூன்று பேர் உதவுகிறார்கள்: ஓர் உணவகக்காரர், வலை பின்னும் கிழவி, எந்நேரமும் சிரிக்கிற ஓர் இளைஞன். அந்த மூவரும் உண்மையில் பழைய கிரேக்கக் கடவுள்கள், ஊருக்குள் சாதாரண மனிதர்போல ஒளிந்திருக்கிறார்கள். இது எனக்கு இரண்டாவது கசெட்டிலேயே பிடிபட்டுவிட்டது. அவளுக்குப் பிடிபட இன்னும் இரண்டு கசெட்டுகள் தேவைப்பட்டன.

மொழிபெயர்ப்பாளர் நான்தான். என்னிடம் இருந்தது வீட்டுத் தமிழ். அது பெரும்பாலும் அம்மா என்னை ஏசுவதற்குப் பயன்படுத்திய தமிழ் என்பதால், என் மொழிபெயர்ப்பில் கடவுள்கள் எல்லோரும் கொஞ்சம் கோபமாகவே கதைத்தார்கள்.

“எல்லாத்தையும் சொல்லு மச்சான்,” என்றார் அப்பா ஒருநாள், தேநீரோடு பின்னால் வந்து நின்று. “கடவுளைக் கண்டனான் எண்டு மட்டும் அங்கை சொல்லிப்போடாதை.”

“கண்டிருந்தாக் கேட்டிருப்பன் அத்தான், கதவைத் திறந்துவிடச் சொல்லி.”

அப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொரு கசெட் முடிந்ததும் மாமாவிடம் கேள்வி கேட்பது என் வேலை. சுவர் என்ன நிறம்? வெள்ளை. உணவகத்தில் உட்காரும் கதிரைகள்? நீலம். கடற்கரையில் என்ன இருந்தது? உடைந்த தூண்கள், படகுகள், பூனைகள். பூனைகளை மாமா ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவார், நான் திருத்துவேன். என் சக மாணவிகளைவிட மாமா பரவாயில்லை என்று நினைத்தேன். ஒரு குறை மட்டும் இருந்தது. படம் ஓடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

“முழிச்சுப் பார் தம்பி,” என்பார் அம்மா. “இந்தப் பிள்ளை தொண்டை கிழியச் சொல்லுது.”

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அக்கா.”

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைசிக்கு முந்தின கசெட்டைப் போட்டோம். அம்மா பேக்கரிச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். கதாநாயகி கிழவியைத் துரத்திக்கொண்டு படிகளில் கடற்கரைக்கு இறங்குகிறாள். அங்கே ஒரு மீனவன் எதையோ தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் அடிக்கிறான். தொப். மறுபடியும் தூக்கி அடிக்கிறான். தொப்.

மாமா கண்ணைத் திறந்துவிட்டார்.

“நிப்பாட்டு பிள்ளை. திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டேன். அவர் சோபாவிலிருந்து இறங்கித் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“என்ன செய்யிறான் உவன்?”

“ஒக்டோபஸ் மாமா. சமைக்க முதல் கல்லிலை அடிக்கிறதாம். அடிச்சாத்தான் மெத்தெண்டு வருமாம்.”

“கணவாய் மாதிரி உது?”

“ஓம்.”

“ஒவ்வொரு நாளும் அடிப்பினமோ?”

“அதைச் சொல்லேல்லை மாமா.”

இன்னொரு முறை போடச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு முறை. திரையில் வெள்ளைக் கோடுகள் வரும்வரை திருப்பித் திருப்பிப் போட்டேன். கதைக்கும் அந்த மீனவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும், ஹியரிங்குக்கு அவன் தேவைப்படமாட்டான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். மாமாவின் தோள்கள் குலுங்கின. முதலில் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா அயர்ன் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மாமா எழுந்து, காலுறையோடு பல்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பனி கிடந்தது.

மிச்சக் கதையை நான் தனியாகப் பார்த்தேன். கணவன் சாகவில்லை. கடவுள்கள்தான் அவனை எதிரிகளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஹியரிங்குக்கு அம்மாவும் மாமாவோடு போனார். பின்னேரம் இரண்டு பேரும் திரும்பி வந்தபோது மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்விட்டார். அம்மா குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அப்பாவுக்குச் சொன்னார். நீலக் கதிரைகள் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

“அந்தத் தீவிலை ஊர் எப்பிடி இருந்தது எண்டு விசாரிச்ச மனிசி கேட்டவ. இவன் சொல்லுறான், நான் ஊரைக் காணேல்லை எண்டு. எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு.”

அதன் பிறகு மாமா சொன்னவற்றை அம்மா துண்டு துண்டாகச் சொன்னார். யன்னலுக்குப் பலகை அடித்த ஓர் அறை. அதில் மாமாவும் ஒரு மன்னார்ப் பெடியனும். பெடியன் ஒருநாள் ஏஜென்சியின் ஆட்களோடு சண்டை பிடித்து, வெளியே விடச்சொல்லிக் கதவில் உதைத்தான். அவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பின்னேரம் கீழேயிருந்து ஈரமாக ஏதோ அடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த பின்னேரமும் கேட்டது. மாமா அங்கே இருந்தவரை, ஏறக்குறைய எல்லாப் பின்னேரமும் கேட்டது. அவனுக்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்த மாமா அதன் பிறகு வாயே திறக்கவில்லை, கதவையும் தட்டவில்லை.

“கடைசியிலை சொல்லுறான், அது கணவாய் அடிக்கிற சத்தமாம், போன மாதம்தான் அக்கா வீட்டு ரீவியிலை பாத்தனான் எண்டு. மொழிபெயர்க்கிற ஆள் ரெண்டுதரம் திருப்பிக் கேட்டிட்டுத்தான் சொன்னவர். அந்த மனிசி எழுதுறதை விட்டிட்டு இவனையே பாத்துக்கொண்டு இருந்தவ.”

“பிறகு?”

“ஓம் எண்டிட்டினம். இஞ்சை இருக்கலாமாம்.”

அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா முகத்தைக்கூடக் கழுவாமல் கொத்துரொட்டி வாங்கப் போனார்.

இப்போது மென்பொருள்களில் பிழை தேடுவது என் தொழில். ஒரு பிழையின் காரணம் தெரிந்துவிட்டால், முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். பத்து வயதிலும் எனக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். மாமா குளியலறையிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகம் ஈரமாக இருந்தது.

“அப்ப அந்த அண்ணைக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை, என்ன மாமா?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப நல்லதுதானே?”

மாமா முகம் துடைக்கக் கொண்டுவந்த துவாயை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

“ஓம் பிள்ளை. நல்லதுதான்.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. மர்மம் தீர்ந்துவிட்டது, அடி வாங்கியவர் யாரும் இல்லை, மாமா எங்களோடேயே இருக்கப் போகிறார்.

அடிக்கும் சத்தம் கேட்டால் அங்கே அடி வாங்க ஒருவன் இருக்கிறான் என்பதும், அந்த அறையில் பின்னேரங்களில் மாமா காதைப் பொத்தாமல் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்திருப்பார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அது கேட்ட நாட்களிலெல்லாம் மன்னார்ப் பெடியன் மாமாவுக்கு உயிரோடு இருந்தான். பாறையில் ஒக்டோபஸ் விழுவதைக் கண்ட பிறகு, அவன் அந்தக் கதவைத் தாண்டிப் போனான் என்பதைத் தவிர மாமாவிடம் எதுவும் மிஞ்சவில்லை.