அணைக்கட்டு ஓவர்சியரும் எங்கள் ஓவர்சியரும்

கல்யாணத்துக்கு முன்னால் நான் நெய்வேலியில் டைப்பிஸ்டாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் செக்‌ஷனில் மூன்று பெண்கள்: சேலத்துக்காரி ஒருத்தி, மதுரைக்காரி ஒருத்தி, பண்ருட்டிப் பக்கத்து நான். மூவரும் தங்கியிருந்தது ஒரே பிளாக்கில். காலையில் ஒரே கம்பெனி பஸ்.

சேலத்துக்காரியின் அம்மா, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை ஒன்றைக் கிழித்துச் சேர்த்துப் பைண்ட் செய்து வைத்திருந்தார். அதை அவள் ஆபீசுக்குக் கொண்டுவந்த அன்றே யார் முதலில் படிப்பது என்று தகராறு. சீட்டு குலுக்கிப் போட்டோம். மதுரைக்காரி தோற்றுவிட்டு, சீட்டைச் சரியாக மடிக்கவில்லை என்றாள். கடைசியில் சேலத்துக்காரி பிளேடால் தையலை அறுத்துப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்துவிட்டாள்.

"ஆளுக்கொண்ணு. படிச்சு முடிச்சு மாத்திக்கலாம்."

முதல் பாகத்தை அவளே எடுத்துக்கொண்டாள். நடுப்பாகம் எனக்கு, முடிவு மதுரைக்காரிக்கு.

அணைக்கட்டு வேலையில் இருக்கும் ஓர் ஓவர்சியர், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து, அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். கதையின் அடிப்படையே அதுதான். ஆனால் அது முதல் பாகத்தில் வருவதால் எனக்குத் தெரியாது. என் பாகம் ஒரு சமையலறையில் ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் அக்கா தங்கை என்று எடுத்துக்கொண்டேன். ஓவர்சியர் அண்ணன். ஏதோ சொத்து விவகாரம். இந்த அண்ணன்காரன் உட்காரவைத்துப் பேசினால் முடிகிற சமாச்சாரத்தை ஏன் இப்படி இழுக்கிறான் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

படித்ததை உடனே பேசாமல் எங்களால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவோம்.

"அந்த ஓவர்சியரை நடுரோட்ல நிக்க வெச்சுக் கேக்கணும்" என்பாள் சேலத்துக்காரி. "ஊர்ல பொண்டாட்டிய அழவிட்டுட்டு இங்க இவளுக்கு மூக்குத்தி வாங்கிக் குடுக்கறான்."

"பாவம்டி அந்தாளு. காய்ச்சல்ல கெடக்காரு. ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க நாதியில்ல" என்று மதுரைக்காரி கண் கலங்குவாள். அவளுக்கு அவர் காய்ச்சலில் படுத்த இடத்திலிருந்துதான் கதையே தொடங்கியது.

"ஏன், தங்கச்சி வச்சுக் குடுத்தா ஆகாதாமா?" என்றேன் நான்.

இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "எந்தத் தங்கச்சி?"

எங்களுக்குப் பின் சீட்டில் தினமும் ஓர் அக்கா உட்காருவார். டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமத்துக்காரர். செக்‌ஷனில் எல்லோருக்கும் தண்ணீரும் டீயும் கொண்டுவந்து வைப்பது அவர் வேலை. அந்த வருஷம்தான் பர்மனென்ட் ஆகியிருந்தார். நாங்கள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். அது கதை என்பது அவருக்குத் தெரியாது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

அப்போது எங்கள் செக்‌ஷனுக்கு ஓர் ஓவர்சியர் புதிதாக வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். போதாக்குறைக்கு அந்த வாரம் காய்ச்சல் என்று லீவு வேறு போட்டார்.

அவர் திரும்பி வந்ததும் அவர் மேஜைக்குத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. டீ ஒரு மேஜை விடாமல் போகும், அவரைத் தாண்டிவிடும். கண்ணெதிரே போகிற டிரேயை அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பிறகு எழுந்துபோய்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். கூச்ச சுபாவம், கேட்கவும் இல்லை. அக்காவுக்கு மறதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சித்திரை வெயில் அவரைப் பேச வைத்தது. "யம்மா, எனக்கு மட்டும் ஏன் தண்ணி வைக்க மாட்டேங்கிய?"

அக்கா டிரேயை டமாலென்று வைத்தார்.

"ஊருல கட்னவள அழ வுட்டுட்டு, இங்க டீச்சரம்மாவுக்கு மூக்குத்தி வாங்கிக் குடுத்துக்கினு கீறீங்களே, நல்லாருக்குங்களா சார்? அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிக்கினு உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சே, அப்பகூட மனசு எறங்கலியா?"

செக்‌ஷன் முழுக்க டைப் அடிக்கும் சத்தம் நின்றது. ஓவர்சியர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"யாரு பெட்டியத் தூக்கிட்டு வந்தா? எந்த டீச்சரு? நான் மெஸ்ஸுல இருக்கேம்மா, எனக்கு வீடே கெடையாது!"

மதுரைக்காரிதான் முதலில் சிரித்தாள். சேலத்துக்காரி அவள் வாயைப் பொத்தினாள். நான் டிராயரைத் திறந்து நடுப்பாகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அக்கா, அது கதைக்கா. புக்குல வர்ற ஓவர்சியர். இவர் இல்ல."

அக்கா அந்தக் காகிதங்களைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவருக்கு வந்தது கோபம்.

"கதையா? நான் ராத்திரிலாம் சோறு எறங்காம கெடக்குறேன், கதைன்றீங்க? செரி, அந்தப் பொண்ணுக்கு அப்பறம் என்ன ஆச்சி, அதச் சொல்லுங்க மொதல்ல."

இப்படித்தான் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தோம். அன்றுதான் எனக்கும் அண்ணன் தங்கை உறவு முறிந்தது. இரண்டாம் நாளே ஓவர்சியர் டிபன் பாக்ஸோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "இவன் என்ன செஞ்சான்னு தெரியாமலே ஏச்சு வாங்கியிருக்கேன். நானும் கேட்டுட்டுப் போறேன்."

கேட்கக் கேட்க எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அந்த மனிதன்மேல் ஆத்திரம். முடிவில் இரண்டு மனைவிகளும் அவனை விட்டுவிட்டுச் சேர்ந்து புறப்படுகிறார்கள். அவன் காய்ச்சலோடு தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், ஒருத்தியாவது இருந்து பாத்துக்கினு போயிருக்கலாம்."

"என்னம்மா பேசுதிய?" என்று ஓவர்சியர் துள்ளினார். "கஞ்சி காய்ச்சுதான்ல, கை நல்லாத்தானே இருக்கு? காய்ச்சட்டும்!"

"ஒடம்புக்கு முடியாத ஆளு சார்!"

"எனக்கும்தான் காய்ச்சல் வந்துது. எனக்கு யாரு பாவம் பாத்தா?"

அக்கா எழுந்துபோய் அவருக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் டீ கொண்டுவந்தார்.

ஆடி கழிந்து அவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, மனைவி வந்தார். அக்கா ஒரு பலாப்பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பொண்ணு. மூக்குத்தி போட்டுக்கினுதான் கீது" என்று எங்களுக்குத் தகவல் சொன்னார். நடந்ததையெல்லாம் கேட்டுச் சிரித்த அந்த அம்மா, புத்தகத்தை வாங்கி அனுப்பச் சொன்னாராம். மூன்று பாகத்தையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த திங்கள்கிழமை ஓவர்சியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். டிபன் பாக்ஸும் இல்லை.

"அவ அந்தப் பயலுக்கு வக்காலத்து வாங்குதா" என்றார். "நீங்க அவனத் திட்டுத திட்டுல பயமா இருக்கு, உங்களுக்கு எரக்கமே கெடையாதுன்னு ஒரே சண்ட. நேத்துலேருந்து பேச்சு இல்ல."

"ஐயோ, இப்ப என்ன சார் பண்றது?" என்றாள் சேலத்துக்காரி.

"என்ன பண்ண? கேன்டீன்லதான் சாப்பிடணும்." சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற ஏதாவது புக்கு இருந்தா குடுங்க. ஓவர்சியர் இல்லாத கதையா பாத்து."