பின்வளவில் கூரையில்லாப் பள்ளிவாசல்

அன்று எங்கள் கிரான்பர்ன் வீட்டுப் பின்வளவில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. வேறு யாருமில்லை.

மகள் யூனியில் தொல்லியல் படிக்கிறாள். ஜோர்தான் பாலைவனத்தில் ஆயிரத்து முந்நூறு வருடம் பழைய திறந்தவெளிப் பள்ளிவாசல்களை ஆராய ஆறு வாரம் போகக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் வேண்டாமென்றால் போகமாட்டாளாம். அதுதான் எனக்குக் கூடுதல் பயம். பாம்பு, வெயில், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமோ! எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெரியாத இடமெல்லாம் ஆபத்தாகவே தெரியும்.

"அது எவ்வளவு சின்ன இடமெண்டு நீங்களே கல்ல வெச்சுப் பாருங்க வாப்பா" என்று வரைபடத்தைத் தந்தாள். முழங்கால் உயரத்தில் ஒரு கல்வரிசை, நடுவில் மக்காவை நோக்கிய வளைவு. அவ்வளவுதான். நடைபாதைக் கல் பதிப்பது என் தொழில். மிஞ்சிக் கிடந்த கற்களை அரை மணித்தியாலத்தில் அடுக்கிவிட்டேன்.

மகள் தலையில் கை வைத்தாள். "வளைவு தெற்க வரணும் வாப்பா. படத்துல பாருங்க."

"தெற்க வெச்சா யாராவது அப்படியே தொழுதிருவாங்க. குற்றம் என்ட தலையில. இங்க மக்கா மேற்குப் பக்கம், அதான் திருப்பினன்."

"அங்க மக்கா தெற்குப் பக்கம்!"

மச்சான் சிரித்தான். "உடு மகள். இங்க தெற்க தொழுதா தென் துருவத்துப் பெங்குயினோடதான் ஜமாஅத் தொழுகை."

பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அந்தக் கல்வரிசைக்குள்ளேயே தொழுதோம். முடிந்தும் எனக்கு எழும்ப மனமில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், வேலைத்தளத்தில் யாரும் குறுக்கே நடக்காதிருக்க, உடைந்த நாலு கல்லை வரிசையாக வைத்துத்தான் தொழுவேன். அதைச் சொன்னேன்.

"வேலை முடிஞ்சா அந்தக் கல்?" என்றாள் மகள்.

"உட்டுட்டு வருவன். அடுத்த நாள் குப்பைக்குள்ள கிடக்கும்."

"அந்தப் பாலைவனத்துல யாரும் எடுக்கல்ல வாப்பா. அப்படியே இருக்கு."

அந்தக் கற்களை வைத்தவனும் என்னைப் போல வழியில் நின்று தொழுத ஒருத்தன்தானே என்று பட்டது. பாம்புப் பயம் மட்டும் போகவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சப்பாத்த உதறிப் பாத்துத்தான் போடணும்" என்றேன் மகளிடம்.

"அதுக்கு அர்த்தம் ஓம்தான்" என்றான் மச்சான்.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. மறுநாளே டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டினேன். இன்னும் கட்ட வேண்டியது ஆயிரத்து நானூறு டாலர்.