தூக்கிவிட ஆளில்லாத படம்

செஞ்சியில் ஓவிய ஆசிரியராக இருக்கும் சேரன் மூன்று மாதமாக ஒரே படத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பக்கமலைக் காடு, மார்கழிப் பனி, விறகு பொறுக்கும் பெண்கள். நடுவில் அவன் அம்மா மீனம்பாள், குனிந்து விறகுக்கட்டைத் தலைக்குத் தூக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். ஆகா ஓகோ யாருக்கு வேண்டும்? அம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் சுமந்த விறகில் படித்து வந்தவன் அவன். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை; படமாவது சொல்லட்டும் என்று நினைத்தான். சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முதல்நாள் காலை அவளை அழைத்துவந்து படத்தின் முன்னால் நிறுத்தினான்.

மீனம்பாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "பனியப் பாத்தாலே குளுருதுடா," என்று சிரித்தாள். பிறகு முகம் சுருங்கியது.

"இவ இன்னாடா ஒண்டியா தூக்குறா?"

"நீதாம்மா அது."

"நானா? ஆளு உசரக் கட்டுடா! அந்தப் பக்கம் ஒருத்தி புடிச்சி ஏத்திவுடாம எப்படித் தலைக்கு வரும்? கழுத்து ஒடிஞ்சிபூடும். காட்டுக்குப் போற எவளும் ஒண்டியா தூக்கமாட்டா."

சேரனுக்குச் சுருக்கென்றது. ஒருநாளாவது கூடநின்று தூக்கிவிட்டிருந்தால்தானே தெரியும்! கேட்காமலும் இல்லை அவள். அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷம், படத்தில் இருப்பதுபோலவே ஒரு மார்கழிக் காலை. நண்பர்களோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தான். சாலையோரம் கட்டை இறக்கி இளைப்பாறியவள் அவனைப் பார்த்துவிட்டு, "சேரா, ஒரு கை குடுத்துட்டுப் போடா," என்றாள். ஒரு நிமிஷ வேலை. கிழிந்த புடவையும் விறகுமாக நின்றவளை அம்மா என்று காட்டிக்கொள்ள வெட்கம். காதில் விழாதவன்போல, வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பாவி, அன்றைக்கு அவன் சதைகூட ஆடவில்லை. அவள் அதை மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமாக மனசைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

பிரஷ்ஷை எடுத்தான்.

"அன்னிக்கு ரோட்டுல... நான் போனப்புறம் யாரும்மா ஏத்திவுட்டது? அவளையே பக்கத்துல வரஞ்சிடறேன்."

"வழியில போன பொம்பள ஒருத்தி. வெயில் ஏற வரிக்கும் நின்னேன், அப்புறந்தான் வந்தா."

"மூஞ்சி எப்படி இருக்கும்?"

மீனம்பாள் யோசித்துப் பார்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"அவ மூஞ்சி ஞாபகமில்லப்பா. பஸ்ஸுல திருப்பிக்கினியே, உன் மூஞ்சிதான் ஞாபகம் இருக்குது."