நாகம்மாள் மாற்றிய சோதனை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு நாகம்மாள்தான் பரீட்சைக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். புதிதாகத் தொழில் கற்றவர்கள் கரையில் நின்று அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் வரிசையோடு ஏரிக்குள் இறங்கலாம். வரிசையில் இடமில்லாதவளுக்குப் பிடித்ததில் பங்கும் இல்லை.

அந்த வருஷம் மூன்று பெண்கள் கடகடவென்று ஒப்பித்துத் தேறிவிட்டார்கள். அடுத்து வந்து நின்றவள் குப்பம்மாள். வயது முப்பது, புத்தி மட்டும் மெல்ல நடக்கும். அம்மா போன பிறகு ஊரார் போட்டதைத் தின்று வந்தவள்.

"கால் சேத்துல மாட்னா இன்னா செய்வே? பள்ளம் எங்க கீது? தண்ணி ஏறுனா எந்தப் பக்கம் வருவே?" நாகம்மாள் மூச்சுவிடாமல் கேட்டதும் குப்பம்மாள் திருதிருவென்று விழித்தாள். கடைசியாகக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு "வருவே" என்றாள்.

நாகம்மாள் பாவம் பார்த்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

"சரி, எறா எங்கடி இருக்கும்?"

"தண்ணில."

"தேறிட்டே, போ!"

நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குப்பம்மாளின் முகம் சுண்டிப்போனது. "அத்த கொயந்தகூட சொல்லும். அவங்களுக்குக் கேட்டத எனுக்கும் கேளு."

கூட்டத்துத் தலைவன் சடையனும் விடவில்லை. "பள்ளம் தெரியாதவள சேத்தா கூடப் போறவளும் சாவா."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நாகம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. குப்பம்மாளின் கையைப் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப்போனாள். கேள்விகள் அதேதான். ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டாள், வாயால் சொல்லவேண்டாம், செய்துகாட்டு என்றாள். சேற்றில் மாட்டிய காலைக் குப்பம்மாள் பதறாமல் ஆட்டி ஆட்டி உருவினாள். தண்ணீர் ஏறினால் வரவேண்டிய மேட்டுக்கு நேராக நடந்து காட்டினாள்.

பள்ளத்தைப் பற்றி நாகம்மாள் கேட்கவே இல்லை. ஏதோ யோசனையில் இருப்பவள் போல அதை நோக்கி நடந்தாள். இரண்டடிதான் போயிருப்பாள், மணிக்கட்டில் இரும்புப்பிடி விழுந்தது.

"போவாத நாகு, பள்ளம்!" குப்பம்மாள் அவளைத் தரதரவென்று கரைவரை இழுத்துவந்தாள்.

"தேறிட்டேடி, கைய வுடு" என்ற நாகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

சடையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒப்பித்துத் தேறிய மூவரையும் பார்த்தான். "நீங்களும் எறங்குங்க, பாக்கலாம்."

அவர்களில் ஒருத்தி நேராகப் பள்ளத்துக்கே நடந்தாள். நாகம்மாள் கத்துவதற்குள் குப்பம்மாள் தண்ணீரில் பாய்ந்திருந்தாள்.