நூற்று அறுபத்தெட்டு யாருக்கு?

சின்னச் சின்ன நிறுவனங்களின் கணினி வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் மோட்டார் சைக்கிளை பெர்ரியில் ஏற்றி, அக்கரையில் இறங்கி, மாக் மண்டினில் இருந்த அந்த பிஸ்கட் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். வேலை கடினம் என்பதால் அல்ல. ஐபி முகவரி என்றால் என்ன என்று அங்கே ஒருவருக்கும் புரியாது. புரியாவிட்டால் பரவாயில்லை, சும்மா இருக்கலாமே. ஆளாளுக்கு அதில் கைவைப்பார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. வலைப்பின்னலில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் தனியாக ஓர் எண் வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பொருள்களுக்குக் கொடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எந்த எண் எதற்கு என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதையாவது என் இஷ்டத்துக்கு வைக்க விட்டார்களா? முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். நான்கு சாவுக்கான எண் என்று சொல்லி 4, 14, 24, நாற்பதுகள் முழுவதும் என்று எல்லாவற்றையும் காலியாக விடச் சொன்னார். நம் ஆட்கள் மட்டும் என்ன ஒழுங்கு? எட்டாம் எண் வீடு வேண்டாம் என்று என் மனைவி ஒரு நல்ல வாடகை வீட்டையே தட்டிக்கழித்தவள்.

எங்கள் முகவரிகள் 192.168 என்று தொடங்குவதைப் பார்த்ததும் தவுக்கேயின் முகம் மலர்ந்துவிட்டது. 168 அவர்களுக்கு ராசியான எண். அவர் கார் எண்ணும் அதுதான். அப்படியானால் லேபிள் பிரிண்டருக்குக் கடைசியிலும் 168 வை என்றார். வைத்தேன்.

அந்த பிரிண்டர் அடிக்கும் லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது. அதற்குப் பொறுப்பு, பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்கா. ஐம்பதைத் தொட்டவர், பதினோரு வருடமாக அங்கேயே வேலை. அந்த பிரிண்டர்தான் ஒருநாள் மக்கர் செய்யத் தொடங்கியது. எப்போது தெரியுமா? தவுக்கே வெளியே போன பிறகு. காலை பதினொரு மணிக்கு அவர் கடைகளைப் பார்க்கக் கிளம்புவார்; கால் மணி நேரத்தில் லேபிள் நிற்கும். அவர் திரும்பி வந்து பார்க்கும்போது சரசரவென்று அடித்துத் தள்ளும். ஒருவரைக் குற்றவாளியாக்க இதைவிட வேறென்ன வேண்டும்? தான் இல்லாதபோது அக்கா வேலை பார்ப்பதில்லை, பழியைப் பிரிண்டர் மேல் போடுகிறார் என்று தவுக்கே முடிவுகட்டிவிட்டார். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. அடுத்தது விசாரணை. அதில் தோற்றால் வேலை போய்விடும்.

தவுக்கே கூப்பிட்டு இரண்டு முறை போனேன். அவர் எதிரிலேயே சோதித்தேன். பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. பார்த்தாயா என்பதுபோல் அவர் அக்காவைப் பார்த்தார். எனக்கே ஒரு நிமிடம் அக்கா மேல் சந்தேகம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் தொடல தம்பி. பாஸ் காடி கேட்டத் தாண்டுனதும் இது ரோசாக் ஆயி நின்னுடுது லா" என்றார் அக்கா.

"பாஸ் வெளிய போனது பிரிண்டருக்கு எப்படிக்கா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்கதானே படிச்சவரு."

சுருக்கென்றது. மூன்றாம் முறை யாரும் கூப்பிடாமல் நானாகப் போனேன். எதிர்க்கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு, தவுக்கேயின் கார் வெளியேறும்வரை காத்திருந்து உள்ளே நுழைந்தேன். பிரிண்டர் நின்றிருந்தது, பெட்டிகள் குவிந்து கிடந்தன. அக்காவின் கணினியில் உட்கார்ந்து, 168 இருக்கிறதா என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். இருக்கிறேன் என்று பதில் வந்தது. பிரிண்டரை அணைத்துவிட்டு மறுபடி தட்டினேன். அப்போதும் பதில் வந்தது. பிளக்கையே பிடுங்கிப் போட்டேன். சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டடத்தில் எங்கோ இன்னொரு 168 உட்கார்ந்திருந்தது.

என் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி ஸ்டோர் அறையில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டுங்கள் என்று எத்தனை முறை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! ஒன்றிலும் பெயர் இல்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து திட்டிவிட்டுப் போனார். கடைசி வரிசையில் ஒரு கேபிளைப் பிடுங்கியபோதுதான், கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா "நின்னுருச்சு தம்பி!" என்று கத்தினார். அதைத் தடம் பிடித்துக்கொண்டே போனேன்; அது மாடிக்கு, தவுக்கேயின் அறைக்குப் போகும் கேபிள். அறை பூட்டியிருந்தது.

கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு வந்து, பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினேன். கடவுச்சொல்கூட கேட்கவில்லை. திரையில் ஒரு மீன் வந்தது. தவுக்கே ஆசையாக வளர்க்கும் சிவப்பு அரோவானா. தொட்டியின் இந்தப் பக்கம் வந்து, வாயைத் திறந்து மூடிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் போனது.

"இதுவா தம்பி?"

"இதேதான்கா."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தவுக்கேயிடம் கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. வெளியே போகும்போது மீனைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக கேமரா மாட்டியிருக்கிறார். அறையில் இருக்கும்போது எதற்கு என்று அணைத்து வைப்பார். மாட்டிக் கொடுத்த கடைக்காரரிடம் 168 போடச் சொன்னதும் அவரேதான். ராசியான எண் எத்தனை பொருளில் இருக்கிறதோ அத்தனை நல்லது என்று நினைத்திருக்கிறார். மீனின் எண்ணைத் தொடாதே, பிரிண்டரை மாற்று என்றார். பிரிண்டருக்கு 44 கொடுத்தேன். அதை மட்டும் அந்தக் கம்பெனியில் எவரும் எடுக்கமாட்டார்கள்.

கிளம்பும்போது நிர்வாகப் பிரிவுப் பெண்மணி என்னை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை அக்காவின் விசாரணை இருக்கிறது, கோளாறு என்ன என்று எழுதிக் கொடுங்கள், தவுக்கே படித்துக் கையெழுத்துப் போட்டதும் அக்காவுக்கும் ஒரு நகல் தருவோம் என்றார். சரியென்று உட்கார்ந்தேன்.

அந்த இடத்தில் நான் கத்தாத ஆள் பாக்கியில்லை. கேபிளுக்காகக் கத்தினேன், பட்டியலுக்காகக் கத்தினேன், பாவம், அக்காவிடமும் கத்தினேன். முதலாளி மாட்டிய கேமராதான் காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது. அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதிலும் கையெழுத்துப் போடுபவர் அவரேதான். முகவரிக் கோளாறு ஒன்று கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவுக்கேக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவர் விட்டுவிடுவார் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பிரிண்டரைப் பார்க்கப் போனேன். அக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கையில் நான் எழுதிய அறிக்கையின் நகல்.

"திங்கக்கெழமலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க தம்பி" என்றார். "உங்க கடுதாசிய நம்பித்தான் உள்ள போனேன். பாஸ் மீனு கேமராதான் காரணம்னு சொன்னேன். எங்க எழுதியிருக்குன்னு கேட்டாங்க. பாஸும் பக்கத்துலதான் இருந்தாரு, வாயே தொறக்கல."

தாளை என்னிடம் நீட்டினார்.

"நானும் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாத்துட்டேன். இதுல மீனு எங்க தம்பி இருக்கு?"

"குடுங்கக்கா. இப்பவே மாத்தி எழுதித் தரேன்" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"விசாரண ரெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு, தாளை என் கையிலேயே விட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.