மூன்றாவது லிஃப்ட் இருமுகிறது

ஒன்பதாவது மாடியில் மூன்றாவது லிஃப்ட்டின் மூடிய கதவில் காதை வைத்து ஒருவர் நின்றிருந்தார். நான் பொத்தானை அழுத்தப் போனேன். "இதுல போகாதீங்க சார், இருமுது" என்றார்.

ஓட்டலில் என் எதிர் அறைக்காரர். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் எடுத்துக் கொடுத்த அறை. ஓட்டலுக்கு இடப்பக்கம் நாடக அரங்குகள், வலப்பக்கம் கடைத்தெரு. பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். இரண்டு நாளில் அவர் பார்த்தது ஓட்டலின் நான்கு லிஃப்ட்டுகளை. கடைத்தெருவுக்கு மனைவி தனியாகப் போய்வந்தார்.

வரவேற்பு மேசையிலும் சொல்லிப் பார்த்தார். "எட்டுக்கும் ஏழுக்கும் நடுவுல சத்தம் வருதும்மா. இன்னிக்கோ நாளைக்கோ நின்னுடும்." அந்தப் பெண் சிரிப்பு மாறாமல், "கண்டிப்பா பாக்குறோம் சார்" என்று அரங்குக்கு வழி காட்டும் படத்தை நீட்டினாள். அப்படி மூன்று படங்கள் சேர்ந்துவிட்டன.

அன்று மாலை நாடகத்துக்கு நேரமாகிவிட்டது. வந்து நின்றதோ மூன்றாவது லிஃப்ட். அவர் தயங்கினார்.

"அதிசயமா ஒரு நாடகத்துக்குக் கெளம்பினா, அதுக்கும் ஒரு நொட்டை சொல்லணுமா?" மனைவி ஏறிவிட்டார். பின்னால் அவர். எனக்கும் அவசரம், ஏறினேன்.

எட்டைத் தாண்டியதும் நின்றது.

"நான் சொன்னேன்ல?" முகத்தில் மாப்பிள்ளைக் களை. மனைவி பார்த்த பார்வையில் அது வடிந்தது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. மணியை அழுத்தினார்.

"ஆள் கெளம்பிட்டாங்க சார், பத்தே நிமிஷம்" என்றது பொத்தானுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு குரல். எத்தனை பேருக்கு அவரே சொன்ன பொய்!

மனைவி புதுச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கால் வீங்கியிருந்தது. வேறு வேலையில்லாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்ல?"

"யார்கிட்ட சொல்றது? நீங்க ஊரான் லிஃப்ட்டுக்குள்ள இருந்தீங்க. இன்னிக்குத்தான் என்கிட்ட மாட்டினீங்க."

பிறகு அந்த அம்மாள் பேசினார். காலைப் பற்றி, மகள் போன பிறகு வெறிச்சோடிய வீட்டைப் பற்றி. அவர் "ம்" கொட்டினார். நான் சுவரில் ஒட்டியிருந்த உணவுப் பட்டியலை நான்கு தடவை படித்தேன்.

ஐம்பது நிமிடம் கழித்து ஏழாவது மாடியில் கதவு திறந்தது. கருவிப் பையோடு ஓட்டல் மெக்கானிக், கைகளைப் பிசைந்தபடி வரவேற்புப் பெண்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்களாமே சார்! மோட்டார் அறையை ஒரு தடவை வந்து பாக்குறீங்களா?"

"பாதி நாடகம் பாக்கி இருக்கும்ப்பா" என்றார் அவர். குனிந்து மனைவியின் செருப்புகளை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறுபக்கத் தோளை அந்த அம்மாள் பிடித்துக்கொள்ளச் சாய்த்துக் கொடுத்தார்.